பழைய பங்களாவுக்குப் பசுமை விருதா? நோட்டில் தொடங்குங்கள்

நூறு வருஷம் தாண்டிய பங்களா, தேவாலயம், சிறு அருங்காட்சியகம், பூங்கா என ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் எதைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருந்தாலும், அங்கே செய்யும் சுற்றுச்சூழல் வேலைக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் முதலில் வாங்க வேண்டியவை இரண்டு: ஒரு கணக்கு நோட்டு, 50 கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு. சோலார் பேனல் அப்புறம். மதிப்பிட வருபவர் கேட்பது “முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு?” என்றுதான். முன்னே இருந்த கணக்கு இல்லையென்றால் எத்தனை லட்சம் செலவழித்தும் பதில் சொல்ல முடியாது.

கணக்கை 12 மாதம் எழுத வேண்டும். ஏப்ரல், மே சீசனில் வரும் கூட்டமும் ஜூலை மழையில் வரும் கூட்டமும் ஒன்றல்ல. மூன்று மாதக் கணக்கை நான்கால் பெருக்கினால் பொய்க்கணக்குதான் வரும். இ.பி. மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் திங்கள்கிழமைதோறும் கதவு திறக்குமுன் ஒரே ஆள் குறிக்கட்டும். லாரித் தண்ணீர், ஜெனரேட்டர் டீசல், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் ரசீதோடு ஒரு வரி. மாதக் கடைசியில் மொத்தத்தை டிக்கெட் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பார்வையாளருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கார்பன் கணக்குக்கு, அதாவது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடுக்கு, தோராயமாக மின்சாரம் யூனிட்டுக்கு 0.7 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ, 19 கிலோ சிலிண்டருக்கு 57 கிலோ என வைத்துப் பெருக்கலாம்.

குப்பையை எடை போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சாக்கை ராத்திரி வெளியே வைத்தால் மூடுபனியில் ஊறிவிடும். காலையில் தராசு காட்டுவதில் பாதி தண்ணீர். கூரைக்குக் கீழே வைத்து, மாலையிலேயே எடை போட்டுவிடுங்கள். உணவு, இலைதழை, பிளாஸ்டிக், மற்றவை என நான்கு சாக்கு போதும். ஏழு நிறத்தில் தொட்டி வைத்தால் பார்வையாளர் குழம்பிப்போய் எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் போடுவார்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தடையைப் பின்பற்றுவது கடமை, சாதனை அல்ல. விண்ணப்பத்தில் அதைப் பெருமையாக எழுத வேண்டாம். ஆனால் தடை செய்த பிளாஸ்டிக் உங்கள் கடையிலேயே ஒளிந்திருக்கலாம். துணிப்பை என்று சப்ளையர் கொடுப்பதன் ஓரத்தில் ஊசியால் ஒரு இழையை உருவிப் பாருங்கள். நெய்த துணியானால் நூல் வரும். பஞ்சு மாதிரிப் பிய்ந்து வந்தால் அது நெய்யாத பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், தடைப் பட்டியலில் உள்ளது. பேப்பர் கப்பை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் தனியே உரிந்து வரும். அதுவும் பட்டியலில் இருப்பதே. கேன்டீனில் கண்ணாடி டம்ளரும், வாசலில் குடிநீர்க் குழாயும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். குழாயை மட்டும் கழிப்பறைப் பக்கம் வைக்காதீர்கள், யாரும் குடிக்க மாட்டார்கள்.

சமவெளியில் எழுதிய உரக்குழிக் குறிப்பு மலையில் பலிக்காது. குளிரில் சின்னக் குவியல் சூடேறாமல் அப்படியே கிடக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையாமல் இருந்தால்தான் உள்ளே 55 டிகிரி வரும். ஒரு வாளி காய்கறிக் கழிவு, டீத்தூளுக்கு மூன்று வாளி காய்ந்த இலை. மேலே தகரக் கூரை, குவியல்மேல் சாக்கு. வாரம் ஒருமுறை புரட்டி, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த இலை போடுங்கள். நாற்றம் அடிப்பதும் பெரும்பாலும் ஈரம் மிஞ்சியதால்தான். கற்பூர மர இலையும் பைன் ஊசியும் மக்கச் சோம்பல்படும்; அவற்றைத் தனியே குவித்து, பூச்செடி அடியில் மூடாக்காகப் பரப்புவது மேல். எண்ணெய்ப் பலகாரமும் கறியெலும்பும் குவியலுக்குள் போகவே கூடாது. கரடிக்கு அந்த வாசனை தெரியும். தொட்டிகளுக்கும் தாழ்ப்பாள் போட்ட மூடி வேண்டும்; கொக்கி மட்டும் இருந்தால் குரங்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

இனிக் கட்டடம். பசுமை என்ற பெயரில் பழைய கட்டடத்தைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். மலையில் பழைய சுவர்கள் பலவும் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. உள்ளே ஏறும் ஈரத்தை அவை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசி எனாமல் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பொரிந்து உதிரும், பிறகு நாள் முழுக்க ஹீட்டர் ஓடும். ஒட்டுப்போட ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இறுகாது, டிசம்பர், ஜனவரியில் உறைபனி ஈரக்காரையை உடைத்துவிடும். பூசிய இடத்தை ஒரு வாரம் ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். தேக்கு ஜன்னலைக் கழற்றி யூபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டச் சொல்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சட்டத்தின் இடுக்கில் பிரஷ் பட்டை ஒட்டினாலே காற்று நிற்கும். சோலார் பேனலைப் பழைய ஓட்டுக்கூரை மேல் ஏற்றாமல், வண்டி நிறுத்துமிடக் கொட்டகைமேல் போடலாம். நிழலைச் சாக்கிட்டு மரத்தை வெட்டிவிடாதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் அமலில் இருக்கிறது, அனுமதி வேண்டும்.

மழைநீருக்குக் கணக்கு எளிது: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், அதில் 800 கைக்கு வரும். முதல் 200 லிட்டரைக் கழித்துவிட்டு மீதியைக் கழிப்பறைக்கும் செடிக்கும் விடுங்கள். பழைய பெயின்ட் அடித்த தகரக்கூரைத் தண்ணீர் குடிக்க ஆகாது.

எந்த அங்கீகாரம் என்பதில் பலர் குழம்புவது யுனெஸ்கோவில். நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் கிடைத்தது உலகப் பாரம்பரியத் தகுதி. பசுமைச் சான்று வேறு. கேன்டீனும் கடையும் இருப்பவர்கள் மாநில அரசின் மஞ்சப்பை விருதில் வணிக வளாகப் பிரிவைப் பார்க்கலாம். பரிசு 10, 5, 3 லட்சம் ரூபாய். அமைப்புகளுக்கும் தனிநபருக்கும் பசுமை முதன்மையாளர் விருது, ஒரு லட்சம். இரண்டுக்கும் அறிவிப்பை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் விசாரியுங்கள். ஐஎஸ்ஓ 14001 என்பது சுற்றுச்சூழல் மேலாண்மைக்குக் காசு கட்டி வாங்கும் சர்வதேசச் சான்று. மூன்று வருஷம் செல்லும், நடுவே தணிக்கை வருவார்கள். சின்ன இடத்துக்கு அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

விண்ணப்பத்தோடு படம் வைக்கும்போது திறப்புவிழா ரிப்பனை விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படம், தேதியோடு. பழைய பொருள் கடைக்காரரிடம் பிளாஸ்டிக் போடும்போது எடைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அவர் துண்டுத்தாளில்தான் எழுதித் தருவார், கையெழுத்தும் தேதியும் இருந்தால் போதும், அன்றைக்கே நோட்டில் ஒட்டிவிடுங்கள்.