புத்தகயாவில் அரை நாள்: கைடு வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பது எப்படி

காசி, கயா போகிற நம்ம ஊர்க்காரர்களுக்குக் கயாவில் திதி கொடுத்து முடித்த மறுநாள் காலையில் பெரும்பாலும் அரை நாள் மிஞ்சும். சுமார் 13 கிலோமீட்டரில், புத்தர் ஞானம் அடைந்த புத்தகயா. "அதையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று வேனில் ஏறுவார்கள். அந்த ஒரு எட்டை எப்படி வைப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலூரில் சி.எம்.சி.க்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் இருபத்திரண்டு வருஷமாக மேனேஜர். வங்காளம், பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் தங்குவார்கள். என் இந்தி அவர்கள் கொடுத்தது. சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1898-ல் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலிலும் கிளைகள் இருந்தன. அந்த வழியில் வந்தவர் தாத்தா. அவர் வீட்டுச் சுவரில் சாமி படம் கிடையாது, புத்தகயா கோபுரத்தின் படம்தான் உண்டு. அம்மா அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர். எனக்கு இது ஊர் சுற்றிப் பார்க்கிற விஷயம் மட்டும் இல்லை.

2012 டிசம்பரில் அம்மாவை முதல் முறை கூட்டிப்போனேன். தங்கிய இடத்தில் ஒரு கைடை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். மூன்றரை மணி நேரத்தில் எட்டுக் கோயில். ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம், ஒரு போட்டோ, "சலியே சலியே" (போகலாம் போகலாம்). நடுவில் ஒரு கடையில் நாற்பது நிமிஷம் சால்வை விரித்துக் காட்டினார்கள். போதி மரம் இருக்கிற முக்கியக் கோயிலான மகாபோதிக்குக் கடைசியாகக் கொண்டுபோனபோது அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. போதி மரத்தைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். காட்பாடி வந்து சேரும்வரை அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி கூட்டிப்போக எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2023 பிப்ரவரியில் போனபோது எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிச் செய்தேன். கீழே இருப்பது அந்த இரண்டாம் முறையின் கணக்கு.

முதலில் நேரத்தைப் பங்கு போடுங்கள். அரை நாள் என்பது விடிகாலையிலிருந்து பகல் பன்னிரண்டு வரை. மகாபோதி கோயில் காலை 5 மணிக்கே திறந்துவிடும். மற்ற நாட்டுக்காரர்கள் கட்டிய கோயில்கள் பிறகுதான் திறக்கும், மத்தியானம் 12-லிருந்து 2 வரை பெரும்பாலும் சாத்தியிருக்கும். அதனால் மகாபோதிதான் முதலில். குறைந்தது இரண்டரை மணி நேரம் அதற்கே கொடுங்கள். மிச்ச நேரத்தில் இரண்டோ மூன்றோ கோயில் போதும். எட்டுக் கோயில் காட்டுகிறேன் என்கிற கைடு உங்களுக்கு வேண்டாம்.

கைடு பிடிப்பது எப்படி? லாட்ஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்கிறவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: மேசையில் இருக்கிறவர் சொல்லும் முதல் ஆளுக்குச் சரி சொல்லிவிடாதீர்கள். சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "ஞானம் அடைந்த பிறகு புத்தர் ஏழு வாரம் எங்கெங்கே இருந்தார், அந்த ஏழு இடத்தையும் காட்டுவீர்களா?" விஷயம் தெரிந்தவர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். தெரியாதவர் கடைப் பேச்சுக்கு மாறிவிடுவார். எங்கள் இரண்டாவது கைடு நடுவயசுக்காரர். நான் கேள்வியை முடிப்பதற்குள் ஆறு இடத்தைச் சொல்லிவிட்டு, ஏழாவதை மட்டும் "அங்கே போய்ச் சொல்கிறேன்" என்றார். அப்போதே அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது.

தொகையை முன்னாலேயே பேசுங்கள். தலைக்கு இவ்வளவா, மொத்தக் கும்பலுக்கும் சேர்த்தா, பேட்டரி ரிக்‌ஷா கூலி அதில் அடக்கமா என்று மூன்றையும் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் காட்டிவிடுங்கள். "காசு வேண்டாம், சும்மா சுற்றிக் காட்டுகிறேன்" என்று வந்து ஒட்டிக்கொள்கிறவரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். இந்தி தெரியாதவர்களுக்கு மூன்று வாக்கியம் போதும். "தீரே தீரே சலியே", மெதுவாகப் போகலாம். "துகான் நஹீ ஜானா", கடைக்குப் போக வேண்டாம். "யஹான் பைட்னா ஹை", இங்கே உட்கார வேண்டும். மூன்றாவதைத்தான் நான் அதிகம் சொன்னேன்.

செல்போன் விஷயம் முக்கியம். 2013 ஜூலையில் கோயில் வளாகத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு போனை உள்ளே விடுவதில்லை. வெளியே கவுன்ட்டரில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே போகச் சீட்டு கிடையாது, கேமராவுக்கு மட்டும் தனிச் சீட்டு. போன் இல்லாமல் கும்பல் பிரிந்துவிட்டால் தேடுவது கஷ்டம். அதனால் போனைக் கொடுப்பதற்கு முன்பே "இந்த இடத்தில், இத்தனை மணிக்கு" என்று பேசிவைத்துவிடுங்கள். வயதானவர்கள் கையில் தங்கியிருக்கும் இடத்தின் பேரையும் நம்பரையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும், சாக்ஸ் போட்டு நடக்கலாம். தை, மாசியில் விடியற்காலையில் அந்தக் கல்தரை நம்ம ஊர்க் காலுக்குத் தாங்காது.

இனி உள்ளே. கோயில் சுற்றியிருக்கும் தரையைவிட சுமார் ஐந்து மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து படி இறங்கிப் போகும்போதே கோபுரம் முழுசாகக் கண்ணில் படும். உயரம் 55 மீட்டர் அளவு. முதலில் கோயில் எழுப்பியவர் அசோகர் என்பார்கள். இப்போது நிற்கிற செங்கல் கட்டடம் 5, 6-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1880-களில் ஆங்கிலேயத் தொல்லியல் அதிகாரி கன்னிங்காம் காலத்தில் பெரிய அளவில் பழுது பார்த்தார்கள். உச்சியில் மின்னுகிற தங்கத் தகடு 2013-ல் தாய்லாந்து கொடுத்தது, சுமார் 290 கிலோ. நம்ம ஊர்க் கோபுரத்தில் ஒரு கும்பல் பொம்மைகளே நிற்கும், இது மாடம் மாடமாக அடுக்கி நேராக மேலே போய்விடும். படியிலேயே ஐந்து நிமிஷம் நின்று பார்க்க விடுங்கள் என்று கைடிடம் சொல்லுங்கள்.

கருவறையில் பொன் பூசிய புத்தர். வலது கை தரையைத் தொட்டபடி இருக்கும். நீ ஞானம் அடைந்ததற்கு யார் சாட்சி என்று, தியானத்தைக் கலைக்க வந்த மாரன் கேட்டதற்குப் பூமியையே சாட்சிக்குக் கூப்பிட்ட கை அது. உள்ளே வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்க விடமாட்டார்கள். அதனால் அந்தக் கையை மட்டும் பாருங்கள்.

வெளியே வந்து வலமாகச் சுற்றுங்கள், நம்ம பிரதட்சிணம் மாதிரியேதான். ஏழு வாரத்து இடங்களைக் கைடு இப்போது காட்டலாம். முதல் வாரம் போதி மரத்தடி. இரண்டாவது, நடைபாதைக்கு வடக்கே மேட்டில் இருக்கும் அனிமேஷலோசனம், கண் இமைக்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்த இடம். மூன்றாவது, வடக்குச் சுவரை ஒட்டிய சங்கிரமணம், நடந்துகொண்டே தியானம் செய்த இடம். அங்கே அவர் காலடி பட்ட இடங்களுக்குக் கல்லில் தாமரை செதுக்கி வைத்திருக்கிறார்கள். நான்காவது வடகிழக்கில் ரத்னகர். ஐந்தாவது, கிழக்குப் படி இறங்கியதும் ஒரு தூண் நிற்கிறதே, ஆலமரம் இருந்த அந்த இடம். ஆறாவது தெற்கே குளம், மழையிலும் காற்றிலும் முசலிந்தன் என்ற நாகம் படம் எடுத்துக் குடை பிடித்ததாகச் சொல்கிற கதை. ஏழாவது தென்கிழக்கில் ராஜாயதனம் என்ற மரத்தடி. வழியே போன இரண்டு வியாபாரிகள் மாவுருண்டையும் தேனும் கொடுத்தது அங்கேதான். கைடு இதைச் சொல்லாமல் வைத்திருந்தது ஏன் என்று அங்கே போனதும் புரிந்தது. "ஞானம் வந்து ஐம்பது நாள் ஆகப்போகிறது, முதல் சாப்பாடு கொடுத்தவர்கள் வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண ஆட்கள்" என்றார். இப்படி ஒரு வரிசை இருந்தால் இடம் மனதில் பதியும். இல்லாவிட்டால் எல்லாம் கல்லும் புல்லுமாகத்தான் தெரியும்.

கோயிலைச் சுற்றியிருக்கும் கல் வேலியான கற்கிராதியையும் விட்டுவிடாதீர்கள். மணற்கல்லில் இருப்பது பழையது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. கரடுமுரடான கருங்கல்லில் இருப்பது பிற்காலத்தது. பழையதில் ஒரு கஜலட்சுமி இருக்கிறாள், இரண்டு பக்கமும் யானை தண்ணீர் ஊற்ற. அம்மா அதைத் தடவப் போய்க் கையை இழுத்துக்கொண்டு, "நம்ம பழைய வீட்டு நிலைக்கதவுல இதேதான்டா இருந்துச்சு" என்றார். இன்னொரு கல்லில் தேரில் சூரியன். அசல் துண்டுகள் சில பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

மரம் மேற்குப் பக்கம். அரசமரம்தான், நம்ம ஊர்க் குளத்தங்கரையில் நிற்கிற அதே இனம். பழைய மரம் 1876-ல் விழுந்துவிட, இப்போது இருப்பது அதற்குப் பின் கன்னிங்காம் நட்டது என்பார்கள். மரத்துக்கும் கோயில் சுவருக்கும் நடுவில், புத்தர் உட்கார்ந்த இடத்தைக் காட்டும் வஜ்ராசனக் கல், அசோகர் வைத்தது என்று சொல்வார்கள். இங்கே கைடைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அரை மணி நேரமாவது. நாங்கள் முக்கால் மணி உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு திபெத்தியப் பாட்டி நீளமான மரப்பலகை மேல் விழுந்து எழுந்து நமஸ்காரம் செய்துகொண்டிருந்தார். கை வழுக்கிப் போகிற இடத்தில் பலகை கண்ணாடி மாதிரி தேய்ந்து பளபளத்தது. உள்ளங்கைக்குத் துணித் திண்டு கட்டியிருந்தார். ஒவ்வொரு முறைக்கும் ஜபமாலையில் ஒரு மணி உருட்டினார். அம்மா அவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார், பௌத்தர்களின் ஐந்து உறுதிமொழியான பஞ்சசீலத்தை மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு. தாத்தா கற்றுக்கொடுத்தது, தமிழ் உச்சரிப்பில்.

இப்படி நமஸ்காரம் செய்கிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். கற்பூரம் ஏற்ற நினைக்காதீர்கள், விளக்குக்கு வளாகத்திலேயே தனி இடம் உண்டு. தோளும் முட்டியும் மூடிய உடுப்பு நல்லது. காணிக்கையை ரசீது கொடுக்கிற இடத்தில் மட்டும் கொடுங்கள். வெளியே அனாதை இல்லம், பள்ளிக்கூடம் என்று சொல்லி ரிக்‌ஷாவில் ஏற்றிப்போகிறவர்கள் உண்டு. உதவ மனசு இருந்தால் வேறொரு நாளில் விசாரித்துச் செய்யுங்கள், அரை நாளில் அதை முடிவு செய்ய முடியாது. கோயிலின் நிர்வாகம் 1949-ம் ஆண்டுச் சட்டப்படி இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்த குழுவிடம் இருக்கிறது. அது பற்றி அங்கே நடக்கும் பேச்சையும் கைடிடம் கேளுங்கள். இது கும்பிடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஒன்பது மணிக்கு வெளியே வந்து டிபன் சாப்பிட்டுவிட்டு பேட்டரி ரிக்‌ஷா பிடியுங்கள். தாய்லாந்துக் கோயில், அதன் வளைந்த கூரைக்காக. பூட்டான் மடம், உள்சுவரில் புத்தர் வாழ்க்கையை மண்ணில் புடைப்பாகச் செய்திருப்பதற்காக. கடைசியில் 80 அடி புத்தர் சிலை, 1989-ல் தலாய் லாமா திறந்து வைத்தது. அங்கே வெயிலுக்கு ஒதுங்க இடம் குறைவு, கால் மணி போதும். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் நான் நாலாவது கோயிலுக்குப் போக மாட்டேன், ஆற்றைத் தாண்டி சுஜாதா ஸ்தூபிக்குப் போவேன். பட்டினியால் மெலிந்து கிடந்தவருக்குப் பால்சோறு கொடுத்தவள் ஊர் அது. நடுவில் நிரஞ்சனை ஆறு, வெயில் காலத்தில் அச்சு அசல் நம்ம பாலாறுதான். அகலமாக மணல், தண்ணீர் அடியில்.

போகிற காலம் என்றால் அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். வைகாசிப் பௌர்ணமிக்குக் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வரும், வயசானவர்களுக்கு வேண்டாம். காட்பாடியில் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் நிற்கும். போதிமரக் கிளையை இலங்கைக்குக் கொண்டுபோன அசோகர் மகளின் பேர்தான் அது. மொகல்சராய் என்று நாம் சொல்கிற தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷனில் இறங்கினால் காசி பக்கம், கயாவுக்கு அங்கிருந்து வேறு ரயில்.

கடைசியாக, இலை. மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. தானாக விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம், அதற்காக எத்தனையோ பேர் காத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் விழுந்ததை ஒரு தாய்லாந்து அம்மா எடுத்து, எங்கள் அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். இப்படிக் கிடைத்தால் பர்ஸில் மடித்து வைக்காதீர்கள், நரம்பு முறிந்துவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரிலும் வேண்டாம், கறுத்துவிடும். கெட்டி அட்டை போட்ட நோட்டின் நடுவில் வைத்து, மேலே ரப்பர் பேண்டு போடுங்கள். அம்மாவுடையதை என் லாட்ஜ் டைரியில் வைத்து இரண்டு ராத்திரி மேல் பெர்த்தில் தலைமாட்டிலேயே கொண்டுவந்தேன். நுனி மட்டும் கொஞ்சம் உடைந்தது.