மீட்டர்கேஜ் பாதையைக் கையால் இடுவது: 1:87 அளவில் ஒரு சின்ன நிலையம்

மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் செலவழிக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பாதைக்குக் கொடுப்பதில்லை. பாதையும் ஒரு மாடல்தான். அதிலும் தென்னிந்திய மீட்டர்கேஜை வீட்டில் செய்ய நினைப்பவருக்குக் கடைப்பாதை உதவாது. 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கில், மீட்டர்கேஜின் தண்டவாள இடைவெளியான (கேஜ்) 1000 மி.மீ. என்பது 11.5 மி.மீ. ஆகிறது, நடைமுறையில் 12 மி.மீ. எடுத்துக்கொள்கிறோம். 12 மி.மீ. பாதை வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அது ஸ்விஸ் மலைப்பாதையையோ, 1:120 அளவிலான ஐரோப்பியப் பாதையையோ பார்த்துச் செய்தது. செங்கோட்டை – புனலூர் போன்ற ஒரு பழைய மீட்டர்கேஜ் பாதையின் தள்ளித்தள்ளிக் கிடக்கும் மரக்கட்டைகளும் (ஸ்லீப்பர்) மெல்லிய தண்டவாளமும் அதில் வராது. கையால் இட்டால்தான் வரும். இன்ஜினுக்கு 1:120 அளவு இன்ஜினின் அடிப்பகுதியை எடுத்து, அதன்மேல் நம் இன்ஜினின் மேற்கூட்டைக் கட்டலாம். இரண்டுக்கும் கேஜ் அதே 12 மி.மீ.தான்.

அசல் அளவுகள்

மீட்டர்கேஜ் மரக்கட்டை 1800 × 200 × 115 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் நீளம் 20.7, அகலம் 2.3, கனம் 1.3 மி.மீ. நீளத்தை 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டர் தண்டவாளம் ஒன்றுக்கு 16 கட்டை என்று கணக்கிட்டால், 138 மி.மீ. நீளத்தில் 16 கட்டைகள், அதாவது மையத்திலிருந்து மையத்துக்கு 8.6 மி.மீ. இணைப்பு வரும் இடத்தில் மட்டும் இரண்டு கட்டைகளை 6.5 மி.மீ. அளவுக்கு நெருக்குங்கள். இந்த ஒரு விஷயமே பாதையைப் பார்த்தவுடன் நம் ஊர்ப் பாதை என்று சொல்லவைக்கும்.

கஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 114.3 மி.மீ., 75 பவுண்டு என்றால் 128.6 மி.மீ. மாடலில் முறையே 1.31, 1.48. கடையில் ‘கோடு 55’ (உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு) என்று விற்கும் நிக்கல் சில்வர் தண்டவாளம் 1.4 மி.மீ. உயரம்; இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. கோடு 100 வாங்காதீர்கள், அது 2.54 மி.மீ.; இந்தப் பாதையில் மலைபோல் நிற்கும். இன்னொரு எச்சரிக்கை: பீக்கோ என்ற மாடல் பாதை நிறுவனத்தின் N அளவு ‘கோடு 55’ பாதையைப் பிரித்துத் தண்டவாளத்தை உருவலாம் என்று தோன்றும். அதன் உண்மையான உயரம் கோடு 80. கீழ்ப்பகுதி பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருப்பதால்தான் வெளியே குறைவாகத் தெரிகிறது. தனித் தண்டவாளமாகவே வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால் 40 செ.மீ. அகலப் பலகைகள் மூன்று கிடைக்கும். ஒன்று மேல்தளம், மற்ற இரண்டில் 75 மி.மீ. பட்டைகள் அறுத்துச் சட்டம் அடிக்கலாம். 12 மி.மீ. கனம், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். கூடுதல் விலைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சாதாரணப் பிளைவுட் முறுக்கிக்கொண்டால் மேலே எவ்வளவு துல்லியமாக இட்டாலும் வீண். ஆறு பக்கமும், அறுத்த ஓரம் உள்பட, வுட் பிரைமர் இரண்டு கை அடியுங்கள். மேலே 3 மி.மீ. கார்க் ஷீட்டை ஃபெவிக்காலில் ஒட்டி, ஒரு இரவு பாரம் வையுங்கள்.

இந்த 2.4 மீட்டர் பலகையில் ஒரு மெயின் லைன், ஒரு லூப் (அதிலிருந்து பிரிந்து மீண்டும் சேரும் பாதை), ஒரு சரக்கு சைடிங் (ஒருபுறம் முடிந்துவிடும் கிளைப்பாதை) வரும். மொத்தம் சுமார் 4.5 மீட்டர் பாதை, மூன்று பாயிண்ட் (ரயில் தடம் மாறும் இடம்). 914 மி.மீ. நீளத் தண்டவாளம் 12 போதும். செக் ரயிலும் (பாயிண்ட்டில் சக்கரத்தை வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) சேதாரமும் இதில் அடங்கும்.

கட்டைகளில் நான்கில் ஒன்று பிசிபி போர்டு (தண்டவாளத்தைப் பற்றவைக்கச் செம்பு பூசிய எலக்ட்ரானிக்ஸ் பலகை), மீதி மரம். பாயிண்ட்டின் அடியில் மட்டும் எல்லாமே பிசிபி. சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஒருபக்கம் செம்பு பூசிய வெற்று போர்டு கிடைக்கும். 1.6 மி.மீ. கனமுள்ள கண்ணாடி இழை போர்டாகக் கேளுங்கள். பழுப்பு நிற ஃபினாலிக் போர்டு மலிவு. ஆனால் சூடு பட்டதும் செம்பு உரிந்து தண்டவாளத்தோடு வந்துவிடும். 6 × 4 அங்குல போர்டு ஒன்றில் 2.3 மி.மீ. அகலப் பட்டைகள் 45 அறுக்கலாம், பட்டைக்கு 4 கட்டை வீதம் 180. நமக்குத் தேவை 110 தான். பாயிண்ட்டுக்கான நீளக் கட்டைகளுக்கு இன்னொரு போர்டு. அறுக்கும்போது தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள், முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் கண்ணாடி இழை.

மரக்கட்டைகள் சுமார் 330. தச்சுப்பட்டறையில் விழும் தேக்குத் துண்டை 1.6 மி.மீ. கனத்துக்கு இழைத்துத் தரச்சொல்லுங்கள். அசலைவிட 0.3 அதிகம் என்றாலும் பிசிபியின் கனத்தோடு ஒத்துப்போவது முக்கியம். அந்த அதிகம் ஜல்லிக்குள் மறைந்துவிடும். பால்சா மரம் வேண்டாம், நகம் பட்டாலே அமுங்கும்.

கேஜ் கருவி இல்லாமல் தொடங்கவே கூடாது. லேத் பட்டறையில் பித்தளையில் உருளை கேஜ் மூன்று கடையச் சொல்லுங்கள்: நடு உருளையின் அகலம் 12.1 மி.மீ., அதன் இருபுறமும் தண்டவாளத் தலை வழுவழுவென நுழையும் அளவுக்குப் பள்ளம். தண்டவாளத் துண்டு ஒன்றைக் கையோடு கொடுத்துவிட்டால் பள்ளத்தைப் பார்த்துக் கடைவார். வளைவுக்கு மூன்று முனை கேஜ் ஒன்று. அதன் இரண்டு முனைகள் வெளித் தண்டவாளத்திலும் ஒற்றை முனை உள் தண்டவாளத்திலும் இருக்கவேண்டும். அப்படி வைத்தால்தான் வளைவில் கேஜ் தானாகச் சற்று அகலும். மாற்றி வைத்தால் குறுகி, நீள இன்ஜின் இறுகி நிற்கும். அசல் மீட்டர்கேஜில் அனுமதிக்கும் மிகக் கடுமையான வளைவு 16 டிகிரி, ஆரம் 109 மீட்டர், மாடலில் 1.25 மீட்டர். வீட்டில் 60 செ.மீ. வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போகவேண்டாம்.

நேர்ப்பாதை

காகிதத்தில் பாதையை வரைந்து கார்க்கின் மேல் ஒட்டுங்கள். அச்சிடுவதாக இருந்தால் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கிவிட்டு, அச்சான தாளில் 100 மி.மீ. கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 97 மி.மீ. வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

ஒவ்வொரு பிசிபி கட்டையின் செம்பையும் நடுவில் ஊசி அரத்தால் வெட்டிப் பிரிக்கவேண்டும். மறந்தால் இரு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். ஒட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். ஒட்டி, தண்டவாளமும் வைத்தபின் 110 கட்டைகளில் எது குற்றவாளி என்று தேடுவது பெரிய வேதனை.

கட்டைகளை ஒட்டியபின், மணல் தாள் சுற்றிய நேரான மரத்துண்டால் மேற்பரப்பை மெதுவாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். செம்பைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், மரத்தை மட்டும். மரத்துக்குச் சாயம் இந்தக் கட்டத்திலேயே.

முதல் தண்டவாளத்தை எஃகு ஸ்கேலை ஒட்டி வைத்துப் பற்றவையுங்கள். 60/40 ஈயம், 0.7 மி.மீ. கம்பி, உளிமுனை வைத்த 40–50 வாட் சால்டரிங் அயர்ன், 350 டிகிரி. முதலில் செம்பின் மேல் மெல்லிய ஈயப்பூச்சு, பிறகு தண்டவாளத்தை வைத்து வெளிப்பக்கத்திலிருந்து இரண்டு வினாடி சூடு. உள்பக்கம் ஈயம் மேடு கட்டினால் சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறிக் குலுங்கும், 1.4 மி.மீ. தண்டவாளத்தில் அதற்கு இடமே கிடையாது. பிளம்பர் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸ் (பற்று பிடிக்க உதவும் பசை) வேண்டாம். சில மாதங்களில் பச்சை பூத்துப் பற்று விட்டுவிடும். ரோஸின் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள்.

வரிசையாகப் பற்றவைத்துக்கொண்டே போகாதீர்கள். சூட்டில் நீண்ட தண்டவாளம் அந்த நீளத்திலேயே பூட்டப்பட்டு, ஆறும்போது பாதையை வில்லாக இழுக்கும். முதலில் இரு முனை, பிறகு நடு, அப்புறம் நான்கு கட்டைக்கு ஒன்று, கடைசியில் மீதி. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி நீளவாக்கில் பாருங்கள். ஸ்கேல் காட்டாத நெளிவைக் கண் காட்டும். இரண்டாவது தண்டவாளம் மூன்று உருளை கேஜ்களை வைத்து, இதே வரிசையில்.

138 மி.மீ. இடைவெளியில், இரு தண்டவாளங்களிலும் நேரெதிராக, ரம்பத்தால் தலையில் 0.3 மி.மீ. கீறல் போட்டால் இணைப்பு போலத் தெரியும். சக்கரம் ஏறும்போது ‘டக்டக்’ என்று ஓசையும் வரும். உண்மையான இணைப்புகளில் மீட்டருக்கு அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். மார்கழியில் இடுபவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்டினால் சித்திரையில் பாதை நெளியும்.

பாயிண்ட்

இதற்குத்தான் நேரம் பிடிக்கும், நிதானமும் வேண்டும். நம் ரயில்வேயில் 8.5-க்கு 1, 12-க்கு 1 கிராசிங்குகள் வழக்கம். கிராசிங் என்பது இரு தண்டவாளங்கள் வெட்டும் இடம்; 8.5-க்கு 1 என்றால் 8.5 நீளத்துக்கு 1 விலகும் கோணம். டிப்ளமோ சிவில் படித்தவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: லீட் நீளம் (நகரும் டங் ரயிலின் முனையிலிருந்து கிராசிங்கின் கூர்மூக்கு வரை) = 2 × கேஜ் × கிராசிங் எண்; வளைவின் ஆரம் = 1.5 × கேஜ் + 2 × கேஜ் × எண்ணின் வர்க்கம். 8.5-க்கு 1 என்றால் லீட் 204 மி.மீ., ஆரம் 1752. 6-க்கு 1 என்றால் 144 மி.மீ., ஆரம் 882. இடம் உள்ளவர்கள் 8.5 செய்யுங்கள், அழகு அதில்தான். 2.4 மீட்டர் பலகைக்கு 6 பொருந்தும். வரைபடத்தைக் கையாலும் போடலாம், டெம்ப்ளாட் என்ற மென்பொருளிலும் எடுக்கலாம்.

பாயிண்ட்டை மேசையில், வரைபடத்தின் மேல் இரட்டைப்பக்க டேப்பில் கட்டைகளை நிறுத்திக் கட்டி, பிறகு தூக்கிப் பலகையில் வையுங்கள். கட்டைகளின் நீளம் டங் ரயில் பக்கம் 21-இல் தொடங்கி, கிராசிங் தாண்டும்போது 36 மி.மீ. வரை வளரும்.

கிராசிங் மூக்கு: இரண்டு தண்டவாளத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் 12-க்கு 1 சரிவில் ராவுங்கள். ராவிய முகங்களைச் சேர்த்துப் பற்றவைத்தால் 6-க்கு 1 கிடைக்கும். முனையைக் கத்திபோல் விடாமல் 0.3 மி.மீ. மழுக்குங்கள்.

டங் ரயில்: 45 மி.மீ. நீளத்துக்கு, ஸ்டாக் ரயிலை (டங் ரயில் வந்து சேரும் நிலையான வெளித் தண்டவாளம்) ஒட்டும் பக்கத்தில் அடிப்பாகத்தையும் தலையையும் நடுத்தகடு வரை ராவவேண்டும். முனை தாளளவு மெலிந்து, தலையும் இம்மி தாழ்ந்திருக்கவேண்டும். விரல்நகத்தை ஸ்டாக் ரயிலிலிருந்து டங் ரயிலுக்கு இழுத்தால் தட்டக்கூடாது. தட்டினால் சக்கரமும் தட்டும்.

பற்றவைக்கும் வரிசை: நேர் ஸ்டாக் ரயில், அதிலிருந்து கேஜ் வைத்து மூக்கு, பிறகு விங் ரயில்கள் (மூக்கின் இருபுறமும் வளைந்து நிற்பவை), வளைந்த ஸ்டாக் ரயில், டங் ரயில்கள், கடைசியாகச் செக் ரயில்கள்.

விங் ரயில், செக் ரயில் இடைவெளியைப் பிறர் சொல்லும் எண்ணை நம்பி வைக்காதீர்கள், உங்கள் சக்கரத்தை வெர்னியரில் அளங்கள். இரண்டு அளவு வேண்டும்: சக்கரங்களின் முதுகுக்கு முதுகு தூரம், விளிம்பின் கனம். உதாரணமாக 10.2, 0.7 என்று வந்தால், செக் ரயிலின் முகத்திலிருந்து மூக்கின் ஓடும் முகம் வரை குறைந்தது 10.9 இருக்கவேண்டும். குறைந்தால் சக்கரம் மூக்கில் மோதித் தவறான பாதையில் ஏறும். செக் ரயிலுக்கும் விங் ரயிலுக்கும் இடையே 10.2-க்குக் குறைவாக இருக்கவேண்டும்; கூடினால் சக்கர ஜோடி இரண்டின்மேலும் இறுகும். 12 மி.மீ. கேஜில் இரு இடைவெளியும் 1.0 என்று வைத்தால் முதல் அளவு 11.0, இரண்டாவது 10.0. இரண்டும் தேறுகின்றன. 1.0 மி.மீ. தகடு ஒன்றை இடையில் செருகி வைத்தே பற்றவையுங்கள். பாயிண்ட்டில் தடம் புரள்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டு எண்கள்தான். சில சமயம் குற்றம் பெட்டியின் சக்கரத்தில் இருக்கும். எல்லாச் சக்கரங்களையும் ஒரே முதுகளவுக்குச் சரிசெய்துவிட்டுப் பாயிண்ட்டைத் தொடுங்கள்.

மின்சாரம்: டங் ரயில் ஒவ்வொன்றும் அதை ஒட்டிய ஸ்டாக் ரயிலோடு ஒரே துருவத்தில் இருக்கட்டும். கிராசிங்குக்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தை அறுத்து, மூக்கையும் விங் ரயில்களையும் தனித் தீவாக்குங்கள். அறுத்த இடத்தில் பிளாஸ்டிக் சில்லு ஒன்றை ஃபெவிக்விக்கில் ஒட்டி ராவிவிட்டால் வெயிலில் நீண்டு தொட்டுக்கொள்ளாது. அந்தத் தீவுக்குப் பாயிண்ட்டை நகர்த்தும் ஸ்லைடு சுவிட்ச் வழியாகவே மின்சாரம் கொடுங்கள். பாயிண்ட் திரும்பும்போது துருவமும் திரும்பும். சுவிட்சையும் டங் ரயில்களை இணைக்கும் குறுக்குப் பட்டையையும் சேர்க்கச் சைக்கிள் ஸ்போக் கம்பி போதும். பட்டைக்கு அருகில் மெல்லிய ஸ்பிரிங் கம்பி ஒன்றை இடையில் வைத்தால், சுவிட்சின் அதிக நகர்வை அது வாங்கிக்கொள்ளும். அந்தக் குறுக்குப் பட்டையின் செம்பையும் நடுவில் வெட்ட மறக்கவேண்டாம்.

பலகை முழுக்க, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் இறக்கி, அடியில் ஓடும் 1.5 சதுர மி.மீ. வயரில் சேருங்கள். இணைப்பை நம்பி விட்டால் ஓரிரு வருடத்தில் அழுக்கேறி இன்ஜின் நிற்கும்.

ஜல்லிக்கு முன் சோதனை

ஜல்லி போட்டபின் திருத்துவது கடினம். அதனால் மின்சாரம் இல்லாமல் ஒற்றைப் போகியைக் கையால் தள்ளுங்கள், எல்லாப் பாயிண்ட்டிலும், இரு திசையிலும். பிறகு மிக நீளமான பெட்டியை முன்னால் வைத்து இன்ஜினால் பின்னிருந்து தள்ளவிடுங்கள். இழுக்கும்போது மறையும் குறை தள்ளும்போது வெளிப்படும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு, பிசிபி கட்டைகளுக்கு மரத்தின் சாம்பல் பழுப்பு. தலையில் பட்டதை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்.

50 மி.மீ. ஜல்லி மாடலில் 0.57 மி.மீ. எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து 0.4 முதல் 0.8 வரையுள்ளதை மட்டும் எடுத்து, தூசி போகும்வரை கழுவிக் காயவையுங்கள். காய்ந்தபின் காந்தத்தை அதற்குள் ஓட்டுங்கள். ஒட்டிவரும் இரும்புத்தூளை விட்டுவைத்தால் அது மோட்டாருக்குள் போய்ச் சேரும். மென்தூரிகையால் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு ஃபெவிக்காலுக்கு நான்கு பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சிரிஞ்சால் சொட்டவிடுங்கள். நனைக்காமல் பசை விட்டால் ஜல்லி உருண்டையாகத் திரளும். டங் ரயில்களின் அடியில் ஜல்லியும் பசையும் போகாமல் முன்கூட்டியே இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவிவிட்டு, பசை காயும்வரை அரை மணிக்கு ஒருமுறை பாயிண்ட்டை இருபக்கமும் நகர்த்திக்கொண்டிருங்கள்.