பிள்ளைக்கு ஆன்லைன் வாசிப்புத் தேர்வா? முதலில் இதையெல்லாம் நிறுத்துங்கள்

வடசென்னை வியாசர்பாடியில் சாயங்கால ட்யூஷன் எடுக்கிறவள் என்ற முறையில் அம்மாக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "இன்னா மிஸ், போன்ல கேம்லாம் சூப்பரா ஆடுறான், அதே போன்ல டெஸ்ட் வச்சா மட்டும் ஏன் கம்மியா வாங்குறான்?" போன் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடுதான், சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கேமில் யோசிக்காமல் சட்டென்று தட்டுகிறவன் ஜெயிப்பான். வாசிப்புத் தேர்வில் அதே விரல் வேகம் ஆளைக் கவிழ்த்துவிடும். பத்தி வந்ததும் நேராகக் கீழே தள்ளி, நாலு விடையில் எது நீளமாக இருக்கிறதோ அதைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இதற்கு வீட்டில் செய்கிற வைத்தியம் இன்னும் மோசம். தேர்வு வருகிறது என்றதும் தினமும் ஆன்லைன் வினாடி வினா, மாதிரித் தேர்வு என்று போனிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். அதில் வளர்வது தட்டுகிற பழக்கம்தான், வாசிக்கிற பழக்கம் இல்லை. காகிதத்தில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. காகிதத்தில் படித்தவர்களுக்கே கூடுதலாகப் புரிந்திருக்கிறது, அதுவும் நேரக் கட்டுப்பாடு இருந்தபோது வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் பெரிய வித்தியாசம் இல்லை, தகவல் சொல்கிற பத்திகளில்தான் திரை காலை வாரியிருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதப்போவது நேரம் வைத்த தேர்வு, பாதிப் பத்திகள் தகவல் பத்திகள். அதனால் வாசிப்பைப் புத்தகத்தில் வளர்த்துவிட்டுத் திரைக்குக் கொண்டுவாருங்கள். கிளை நூலகத்துப் புத்தகம், சிறுவர் மலர், கடை போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, எதுவானாலும் சரி.

அடுத்தது, "பதில் பத்தியிலேயே இருக்கும், தேடிப் பார்" என்று சொல்லிக் கொடுப்பது. இது பாதி சரி, பாதி ஆபத்து. ஒரு சின்னப் பத்தி தருகிறேன், பாருங்கள்:

"ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் இது. இந்த நாட்களில் மீனவர்கள் படகுக்கு வண்ணம் பூசுவார்கள். கிழிந்த வலைகளைச் சரிசெய்வார்கள்."

கேள்வி: பத்தியின்படி, இந்த நாட்களில் மீனவர்கள் என்ன செய்வார்கள்? மீனவர் பகுதியான காசிமேட்டிலிருந்து வருகிற பையன் யோசிக்கவே மாட்டான். அவன் மாமா கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போவார், அப்பா சின்ன ஃபைபர் படகில் போவார், ரெண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறான். "வேறு வேலைக்குப் போவார்கள்" என்று ஒரு விடை இருந்தால் அதைத்தான் தட்டுவான். அவன் சொல்வது உண்மை, ஆனால் மதிப்பெண் கிடைக்காது. பத்தியை எழுதியவரைவிட அதிகம் தெரிந்த பிள்ளை தோற்பது இப்படித்தான். இவனுக்குச் சொல்லித் தர வேண்டியது ஒன்றே ஒன்று: "உனக்குத் தெரிஞ்சது சரிதான்டா, ஆனா இந்தப் பத்தி என்ன சொல்லுதுன்னு விரல் வச்சுக் காட்டு."

அதே பத்தியில் இன்னொரு கேள்வி: இந்த நாட்களில் மீன் விலை ஏன் கூடுகிறது? விலை என்ற சொல்லே பத்தியில் இல்லை. தேடிப் பார்த்த பிள்ளை "இல்லையே மிஸ்" என்று முழிக்கும். படகு போகவில்லை, வரத்து குறைவு, அதனால் விலை கூடும் என்று பிள்ளைதான் கோத்துப் பார்க்க வேண்டும். ஆதாரம் பத்தியில் இருக்கும், விடை அப்படியே இருக்காது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2001-லிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பிர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் தேர்விலும் வெளிப்படையாக இருப்பதை எடுப்பது, ஊகிப்பது, சேர்த்துப் பொருள் சொல்வது, மதிப்பிடுவது என்று நாலு வகையாகத்தான் கேட்பார்கள். நம் வீட்டுப் பயிற்சி முதல் வகையிலேயே நின்றுவிடுகிறது.

"பொருந்தாதது எது?", "பத்தியில் கூறப்படாதது எது?" மாதிரிக் கேள்விகளில் கூறப்படாதது என்பதைக் கூறப்படுவது என்றே அவசரத்தில் கண் படித்துவிடும். கேள்வியை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாலே இந்தத் தவறு பாதி ஓடிவிடும்.

நம்ம ஏரியாவுக்கென்றே ஒரு விஷயம். பழம் என்பது நம் வாயில் பயமாகும், வாழைப்பழம் வாயப்பயமாகும். விடைகளில் பழமும் பயமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால், சத்தத்தை வைத்து எழுத்தைத் தேடுகிற பிள்ளை தடுமாறும். அதற்காக வீட்டுப் பேச்சைத் திட்டித் திருத்தப் போகாதீர்கள், பிள்ளை வாயைத் திறந்து வாசிக்கவே கூச்சப்படும். வீட்டில் எப்படிப் பேசினாலும் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி வாசி என்று பழக்கினால் போதும்.

திரை விஷயத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் தாராளம். பத்தி மேலே ஓடிப்போனால் திரும்ப இழுத்துப் பார்க்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. "அடுத்து" அழுத்தினால் திரும்பி வர முடியுமா முடியாதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு கம்ப்யூட்டரில் என்றால் மௌஸ் பிடித்துப் பழக்க வேண்டும், திரையை விரலால் தேய்த்துவிட்டு "வேலை செய்யல" என்கிற தலைமுறை இது. கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்பு ஆப்பில் தமிழ் இருக்கிறது, உரக்க வாசிக்க நல்ல துணை. ஆனால் அது வாசிக்கிற வேகத்தைத்தான் வளர்க்கும், புரிந்ததா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தேர்வை வீட்டில் எழுதுவதாக இருந்தால், அன்றன்றைய டேட்டாவைக் காலையிலேயே ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். நடுவில் போன் கால் வராதபடி செட்டிங்கை மாற்றிவையுங்கள். டிவி சத்தமும் வேண்டாம், எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஆசிரியர்கள் ஆப் வழியாகவே மதிப்பிடுகிறார்கள், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். அதை ரேங்க் கார்டு மாதிரி எடுத்துக்கொண்டு "பக்கத்து வீட்டுப் பொண்ணு மலர், நீ மட்டும் ஏன் அரும்பு" என்று கேட்கிறோம். எந்த இடத்திலிருந்து பாடம் ஆரம்பிக்கணும் என்று ஆசிரியருக்குக் காட்டுகிற குறிப்பு அது, அவ்வளவுதான்.

கடைசியாக, பிள்ளை முழித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து "அது இல்லடா, மூணாவது" என்று கண்ணைக் காட்டுவது. சில ஆன்லைன் தேர்வுகளில் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். நீங்கள் சொன்ன நாலு விடைகளால் அஞ்சாவதாக வருவது பிள்ளையால் தொடவே முடியாத பத்தியாக இருக்கும், அதையும் நீங்கள்தான் படிக்க வேண்டியிருக்கும். ஸ்கூலில் அந்த மார்க்கை நம்பி மேல் நிலைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால், "ரெண்டு லெவல் இறக்குங்க மிஸ்" என்று போய்க் கேட்கவும் வாய் வராது.