சிறிய அட்டவணைக்கு ஓர் அரை
இரு குழுக்களில் நோய் உள்ளோர், இல்லாதோர் என நான்கு கட்டங்களில் எண்ணிக் காட்டும் இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் எண்ணிக்கைகள் சிறியவையா? வாய்ப்பு விகிதத்தை (odds ratio: ஒரு குழுவில் நோய் உள்ளோரை இல்லாதோரால் வகுத்து, அதை மற்றக் குழுவின் அதே ஈவால் வகுப்பது) கணக்கிடும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் 0.5 கூட்டுங்கள். சுழியம் உள்ள கட்டத்தில் மட்டும் அல்ல, நான்கிலும். பலரும் தவறுவது இங்கேதான்.

ஒரு குழுவில் 12 பேரில் எவருக்கும் நோய் இல்லை, மற்றதில் 12 பேரில் 5 பேருக்கு உண்டு என்றால், விகிதம் 0 ஆகிவிடும். இவ்விகிதத்தை வழக்கமாக மடக்கை (log) எடுத்தே ஆராய்வார்கள்; சுழியத்துக்கு மடக்கை எடுக்கவே முடியாது. திருத்தினால் சுமார் 0.055 கிடைக்கும். மடக்கை வளைந்து செல்லும் சார்பு என்பதால், சிறிய மாதிரிகளில் குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டின் மதிப்பீடு சராசரியாக மிகைப்படுகிறது. அந்தச் சாய்வின் (ஒரே பக்கமாக விழும் பிழையின்) பெரும்பகுதியை இந்த அரை ஈடுசெய்கிறது.

நிகழவே இயலாததால் சுழியமான கட்டத்துக்கு இது பொருந்தாது. குழுக்களின் அளவு பெரிதும் வேறுபட்டால் இத்திருத்தமே புதிய சாய்வை உண்டாக்கலாம். அப்போது, தோராயம் இன்றி நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடும் ஃபிஷரின் துல்லியச் சோதனையை நாடுவதே நல்லது.