சுமோ டெட்லிஃப்ட்: காலை அகட்டினால் மட்டும் போதாது

டெட்லிஃப்ட் என்பது, இரு முனையிலும் எடைத் தட்டுகள் (பிளேட்) மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பது. வழக்கமான முறையான கன்வென்ஷனலில் 120 கிலோ தூக்கிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை காலை அகட்டி நிற்கும் சுமோ முறையில் 100 கிலோ போட்டு நின்றேன். 20 கிலோ குறைவுதானே என்ற தெனாவட்டு. பார் அசையவே இல்லை. பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி, "என்னண்ணே, தரையோட ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டான். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் செய்த தவறுகளையேதான் சுமோவுக்கு மாறும் பலரும் செய்கிறார்கள் என்பது அப்புறம் புரிந்தது.

சுமோ என்றதும் நம் ஊரில் டாடா வண்டிதான் நினைவுக்கு வரும். இந்தச் சுமோ, ஜப்பானிய மல்யுத்த வீரர்கள் காலை அகட்டி நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். கன்வென்ஷனலில் கால்கள் இடுப்பளவு அகலத்தில் இருக்கும், கைகள் கால்களுக்கு வெளியே பாரைப் பிடிக்கும். சுமோவில் கால்கள் அகலமாக, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி இருக்கும். கைகள் கால்களுக்கு நடுவே இறங்கும். இதைப் பார்த்துவிட்டு, 'அதே டெட்லிஃப்ட்தான், காலை மட்டும் அகட்டிக்கொண்டால் சரி' என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

காலை அகட்டியதும் என்ன மாறுகிறது? இடுப்பு பாருக்கு அருகில் வருகிறது, முதுகு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, பார் மேலே வரவேண்டிய தூரம் குறைகிறது. உடல் அசைவுகளை ஆராயும் எஸ்கமில்லாவும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பார் பயணிக்கும் தூரமும் அதற்கான வேலையும் கன்வென்ஷனலில் ஏறத்தாழ 25 முதல் 40 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். 2002-இல் வந்த இன்னொரு ஆய்வில் முன்தொடைத் தசைகள் சுமோவில் கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. தூரம் குறைவு என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டுதான் 'சுமோ ஏமாற்று வேலை' என்கிறார்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றிலும் அதிக எடை தூக்கும் பவர்லிஃப்டிங் போட்டிகளில் இரண்டு முறைக்கும் அனுமதி உண்டு. பலவிதமான கனப் பொருள்களைத் தூக்கிப் பலம் காட்டும் ஸ்ட்ராங்மேன் போட்டிகளில்தான் பொதுவாகச் சுமோ கூடாது. 2016-இல் ஸ்ட்ராங்மேன் வீரர் எடி ஹால் 500 கிலோ தூக்கியது கன்வென்ஷனலில். ஏமாற்று வேலையா இல்லையா என்று வாதாடுபவரை ஒரு தடவை சுமோவில் தரையிலிருந்து கிளப்பச் சொல்லுங்கள், வாதம் நின்றுவிடும்.

ஏனென்றால் சுமோவின் கஷ்டம் முழுவதும் கீழேதான் இருக்கிறது. கன்வென்ஷனலில் பார் ஓரளவு சுலபமாகக் கிளம்பி முழங்காலுக்கு மேலே வந்து திணறும். சுமோவில் தரையை விட்டு எழவே யோசிக்கும். முழங்காலைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மேலே போய்விடும். இது தெரியாமல் கன்வென்ஷனல் பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? பார் நகராது, இடுப்பு மட்டும் மேலே எழும்பிவிடும். முழங்கால் உள்ளே மடியும், முதுகு வளையும். அன்று எனக்கு நடந்தது அப்படியே இதுதான்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நிரம்பிய வாளியை வெடுக்கென்று இழுக்கமாட்டோம். முதலில் கயிற்றின் தொய்வை எடுப்போம், கயிறு விறைத்து வாளியின் கனம் கைக்குத் தெரிந்த பிறகுதான் இழுப்போம். பாருக்கும் பிளேட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, பாரே சிறிது வளையவும் செய்யும். வயிறு நிறைய மூச்சை இழுத்து, தம் கட்டி, மெல்ல இழுவையைக் கூட்டினால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தொய்வு போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு பாரைத் தூக்கப் பார்க்காமல், இரண்டு பாதங்களாலும் தரையை இரு பக்கமும் பிளப்பதுபோல் தள்ளவேண்டும். இரண்டு மூன்று நொடி ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அந்த நொடிகளில் பயந்து நிலையைக் கலைக்கக் கூடாது. சுமோவில் பொறுமை என்று சொல்வது இதைத்தான்.

அடுத்தது அகலம். வீடியோவில் யாரோ பிளேட்டைத் தொடும் அளவுக்குக் கால் வைத்துத் தூக்குவதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே நிற்போம். தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தும் கோணம் ஆளுக்கு ஆள் வேறு. அவருக்கு வசதியாக இருக்கும் அகலம் உங்களுக்குத் தொடை இடுக்கில் கிள்ளும். 1991-இல் 100 கிலோ எடைப் பிரிவில் 408 கிலோவுக்கு மேல் தூக்கிய பவர்லிஃப்டர் எட் கோன்கூட அப்படி அகட்டி நின்றவர் அல்ல. அவருடையது அடக்கமான சுமோ. நீங்கள் கன்வென்ஷனல் நிலையிலிருந்து ஒவ்வொரு பாதமாக வெளியே நகர்த்திக்கொண்டே வாருங்கள். பாரைப் பிடிக்கக் குனிந்த நிலையில் முன்னாலிருந்து பார்க்கும்போது கணைக்கால் செங்குத்தாக, முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே இருக்கவேண்டும். கணுக்காலைவிட முழங்கால் உள்ளே இருந்தால் ஒன்று அகலம் அதிகம், இல்லை முழங்காலை வெளியே தள்ளத் தவறிவிட்டீர்கள். செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று எடுத்துப் பார்த்தால் போதும். கண்ணாடியைப் பார்த்தபடியே தூக்காதீர்கள், கழுத்து போய்விடும்.

பக்கவாட்டு வீடியோவில் இன்னொன்றும் தெரியும். ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மாதிரி புட்டத்தை அடிவரை இறக்கி உட்கார்ந்திருப்பீர்கள். தோள் பாருக்குப் பின்னால் போயிருக்கும். அங்கிருந்து பார் கிளம்பாது; இடுப்பு தன் இடத்துக்கு ஏறிய பிறகுதான் கிளம்பும். ஆக, அந்தக் கீழ் இடத்தில் உட்கார்ந்தது வீண். தோள் பாருக்கு நேர் மேலே வரும் உயரத்தில் இடுப்பை நிறுத்திப் பாருங்கள். பார் கணைக்காலைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். கன்வென்ஷனலில் விடுகிற இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியை இங்கேயும் விட்டால் பார் முன்னால் ஓடும்.

கையை ரொம்பக் குறுக்கினால் பாரின் வழவழப்பான பகுதியில் பிடி விழும், வழுக்கும். தோளிலிருந்து நேராகத் தொங்கும் இடத்தில் பிடித்தால் போதும்.

தரையைப் பற்றிப் பலரும் சொல்வதில்லை. கன்வென்ஷனலில் பாதம் நேரே கீழே தள்ளுகிறது. சுமோவில் வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. டைல்ஸ் போட்ட ஜிம்மில் சாக்ஸோடு நின்று சுமோ செய்தால், பாரம் ஏறும்போது இரண்டு கால்களும் மெல்ல மெல்ல விலகும். ஒரு ஜிம்மில் எனக்கு அப்படி நடந்து, பாரைக் கீழே போட்டதால் பிழைத்தேன். ரப்பர் பாய் மேல், தட்டையான அடிப்பாகம் கொண்ட ஷூவோடு நில்லுங்கள். தடித்த மெத்தென்ற ரன்னிங் ஷூ வேண்டாம், பாதம் உள்ளே ஆடும்.

பிளேட்டின் அளவையும் பார்க்கவேண்டும். போட்டிகளில் உள்ள பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதாவது பாரின் நடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நம் பக்கத்துத் தெரு ஜிம்களில் 10, 15 கிலோ இரும்பு பிளேட்டுகள் அதைவிடச் சிறியவை. அவற்றைப் போட்டால் பார் இன்னும் தாழ்வாக இருக்கும். ஏற்கெனவே கீழே திணறும் சுமோவுக்கு இது இரட்டைத் தண்டனை. இரண்டு பக்கமும் சம உயரத்தில் ரப்பர் பாயோ வேறு பிளேட்டோ அடியில் வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். இடுப்பு இறுக்கம் என்று நினைத்து மாதக்கணக்கில் ஸ்ட்ரெச்சிங் செய்த ஒருவருக்கு, கடைசியில் பார் உயரம்தான் பிரச்சினை என்று தெரிந்தது.

சரி, எவ்வளவு எடையில் ஆரம்பிப்பது? உங்கள் கன்வென்ஷனல் எடையில் 60 சதவீதம் என்பது என் கணக்கு. உள்தொடைத் தசைகள் இந்த வேலைக்குப் பழகியிருக்காது. முதல் நாளே எல்லை வரை போனால் மறுநாள் பைக்கில் ஏறக் காலைத் தூக்கிப் போட முடியாது. கொஞ்சம் மோசமானால் தசை கிழிந்து மாதக்கணக்கில் உட்காரவேண்டியிருக்கும். வாரம் ஒரு முறை சுமோ, ஒரு முறை கன்வென்ஷனல் என்று இரண்டு மாதமாவது ஓட்டுங்கள். இரண்டே வாரத்தில் 'எனக்குச் சுமோ சரிப்படாது' என்று முடிவு கட்டுபவர்கள் இன்னும் சுமோவைச் செய்துபார்க்கவே இல்லை. உடம்பு நீளம், கை குட்டை என்றிருப்பவர்களுக்குச் சுமோ பெரும்பாலும் பொருந்தும் என்பார்கள். அது ஒரு குறிப்புதான், ஜாதகம் அல்ல.

முதுகுவலிக்கு மருந்தாகச் சுமோவுக்கு வருபவர்களும் உண்டு. முதுகு நிமிர்ந்து நிற்பதால் அடிமுதுகின் சுமை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் வலி காலில் இறங்கினாலோ மரத்துப்போனாலோ, மாற்றவேண்டியது ஸ்டைலை அல்ல, போகவேண்டியது டாக்டரிடம்.

கடைசியாக ஒன்று: பார் தொடையில் வழுக்கிப் போக முகப்பவுடர் போடும் வழக்கம் உண்டு. அதைப் போடுவதானால் பாயிலிருந்து தள்ளிப்போய், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். அடிப்பாகத்தில் ஒரு சிட்டிகை ஒட்டினாலும் ரப்பர் பாயும் டைல்ஸும் ஒன்றுதான்.