மனநோய் பைல் இருந்தால் வழக்கிலிருந்து தப்பிவிடலாமா?

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பாகாயம் மனநல ஆஸ்பத்திரியில பல வருஷமா பாத்துக்கினு இருக்கோம் சார், பைல் இருக்குது. விட்டுடுவாங்க இல்ல?"

அந்த பைலை மட்டும் பார்த்து விட்டுவிட மாட்டார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, அதாவது பழைய இ.பி.கோ. 84, கேட்பது ஒன்றைத்தான். செயலைச் செய்த அந்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா? நாள்பட்ட மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவருக்கும் தெளிவான நாட்கள் உண்டு. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கருதக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது.

அந்த நேரத்து மனநிலையை யாரும் படம் பிடித்து வைத்திருப்பதில்லை. சம்பவத்துக்கு முன்னும், அப்போதும், பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தை வைத்தே நீதிபதி ஊகிக்க வேண்டும். மனைவியைக் கொன்ற மகாராஷ்டிர போலீஸ்காரர் ஒருவரை உச்ச நீதிமன்றம் 2002இல் விடுவித்தது. முன்பே மனச்சிதைவுக்குச் சிகிச்சை எடுத்திருந்தார். கொலைக்குப் பிறகு ஓடவோ ஒளியவோ முயலவில்லை. சிறைக்குப் போன பிறகும் சிகிச்சை தொடர்ந்தது. எல்லாமே அவருக்குச் சாதகமாக எடைபோடப்பட்டன.

நம் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோமே என்று போலீசிடம் நோயைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். "கொஞ்சம் கோவக்காரன், அவ்ளோதான்" என்பார்கள். வழக்கு விசாரணையில் அதே வாக்குமூலம் எதிரே வந்து நிற்கும். பேய் விலகும் என்று நம்பி, சோளிங்கரில் தங்கி தக்கான் குளத்தில் முழுக்குப் போட வைத்ததை வக்கீலிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுவார்கள். பேயோ நோயோ, அந்த நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்று நேரில் பார்த்த அக்கம்பக்கத்தார் நல்ல சாட்சிகள். எந்த மருத்துவச் சான்றிதழிலும் அது கிடைக்காது.

அடுத்தது, தாமதம். முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் எழுத்து மூலமாகச் சொல்லி மருத்துவப் பரிசோதனை கேட்க வேண்டும். தொரப்பாடி சிறையில் சில மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் ஆள் தெளிந்துவிடுவார். அதற்குப் பிறகு வரும் அறிக்கையில் 'இயல்பாக உள்ளார்' என்றுதான் இருக்கும். பழைய நோய் தெரியவந்தும் பரிசோதனைக்கு அனுப்பாத போலீஸ் விசாரணை, அரசுத் தரப்புக்கே பெரிய ஓட்டை என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது. ஆகவே நோயைப் பற்றிச் சொன்னதற்கு ஆதாரம் கையில் இருப்பது முக்கியம்.

சிலர் வேறு கணக்குப் போடுவார்கள்: மாத்திரையை நிறுத்திவிட்டால் ஜட்ஜுக்கே புரிந்துவிடுமாம். கொடுமை அது, பயனும் கிடையாது. விசாரணையின்போது தன் தரப்பைச் சொல்ல இயலாத நிலையில் இருந்தால், குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகளின்படி விசாரணை தள்ளிப்போகும்; அதனால் மட்டும் வழக்கு தள்ளுபடி ஆகாது. சம்பவ நாளின் மனநிலை வேறு, இன்றைய மனநிலை வேறு.

தானாகக் குடித்து ஏறிய போதை இந்தக் கணக்கிலேயே வராது.

அந்த நேரத்தில் சித்த சுவாதீனம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம் தரப்புக்கு என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. நாம் காட்ட வேண்டியது, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதைத்தான். 1964 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு இது.

விடுதலை என்றால் நேராகக் காட்பாடி பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பதும் தப்பு. அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374ஆம் பிரிவின்படி பாதுகாப்பான இடத்தில் வைக்க உத்தரவிடலாம். அல்லது தகுந்த உத்தரவாதம் வாங்கிக்கொண்டு உறவினரிடம் ஒப்படைக்கலாம். கன்னத்தில் அறைந்த சின்ன வழக்குக்கெல்லாம் இந்த வாதத்தை எடுப்பது என் பார்வையில் புத்திசாலித்தனம் இல்லை. கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் அடைபட்டுக் கிடக்க நேரலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம்.