ஜிபே வரவும் இணைய விற்பனையும்: வரிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வழியே வந்த தொகைகளை அடிப்படையாகக் கொண்டு சிறு வணிகர்கள் பலருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் கியூஆர் அட்டை கழற்றப்பட்டு, 'ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'நாமும் ஜிபேயை நிறுத்திவிடலாமா?' என்று தமிழ்நாட்டுக் கடைக்காரர்களும் கேட்கிறார்கள். நிறுத்துவதுதான் முதல் தவறு. வரி என்பது விற்பனைக்கும் வருமானத்துக்கும் உரியது. பணம் கையில் வந்தாலும் கைப்பேசியில் வந்தாலும் கடமை ஒன்றுதான். சொல்லப்போனால், விற்ற பணத்தை ரொக்கமாகப் பெறும் கடைக்காரருக்குத்தான் வருமான வரிக் கணக்கு கூடுதலாகிறது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின் கீழ், கணக்குப் புத்தகம் பராமரிக்காமல் விற்றுமுதலில் (ஆண்டின் மொத்த விற்பனையில்) ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் சிறு வணிகர், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும், வங்கி அல்லது யுபிஐ வழியே வந்த விற்பனைக்கு 6 சதவீதமும் காட்டினால் போதும். ஆண்டு விற்பனை 30 லட்சம் ரூபாய் என்றால், முழுதும் ரொக்கமாக வாங்கியவர் குறைந்தது 2,40,000 ரூபாயையும், முழுதும் யுபிஐயில் வாங்கியவர் 1,80,000 ரூபாயையும் லாபமாகக் காட்ட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறதே தவிர, இந்த ஏற்பாடு தொடர்கிறது. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட யுபிஐ பரிமாற்றத்துக்கு ஜிஎஸ்டி வரப்போகிறது என்று பரவிய செய்தியை, மத்திய நிதி அமைச்சகம் 2025 ஏப்ரலிலேயே மறுத்துவிட்டது.

ஜிஎஸ்டி பதிவு வரம்பை அரைகுறையாகப் புரிந்துகொள்வது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சேவை வழங்குபவருக்கு வரம்பு 20 லட்சம். டீக்கடையிலும் சிற்றுண்டிக் கடையிலும் பரிமாறப்படும் உணவைச் சட்டம் சேவையாகவே பார்ப்பதால், 40 லட்சம் வரை கவலையில்லை என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடாது.

காய்கறிக் கடைக்காரரின் நிலை இன்னும் நுணுக்கமானது. புதிய காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதை மட்டுமே விற்பவர் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கர்நாடகத்தில் நோட்டீஸ் பெற்றவர்களில் காய்கறி வியாபாரியும் இருந்தார். ஏனென்றால், யுபிஐ பட்டியலில் தொகை தெரியுமே ஒழிய, விற்றது தக்காளியா குளிர்பானமா என்பது தெரியாது. அதே கடையில் குளிர்பானமும் மசாலா பாக்கெட்டும் விற்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். அப்போது வரம்பைக் கணக்கிட, வரியில்லாத காய்கறி விற்பனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காய்கறி 42 லட்சம், மற்றவை 3 லட்சம் என்றால், மொத்தம் 45 லட்சம் என்பதால் பதிவு தேவைப்படுகிறது. ஆனால் வரி அந்த 3 லட்சத்துக்கு மட்டுமே. இந்தப் பிரிவினையைக் காட்டத் தினசரி விற்பனைக் குறிப்பு வேண்டும். கொள்முதல் பில்களோடு, எந்த வகைச் சரக்கு எவ்வளவு போனது என்று அன்றாடம் இரண்டு வரி எழுதி வைத்தவருக்கு, நோட்டீஸுக்கான பதில் ஏறக்குறைய தயாராகவே இருக்கும். வரம்பைத் தாண்டியவர் 30 நாள்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நேரடியாக விற்பவர்கள் பெரிதும் தவறுவது வேறோர் இடத்தில். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலிருந்து சேலை அனுப்பும் ஒருவரின் ஆண்டு விற்பனை 5 லட்சம்தான் என்றாலும், ஒரு பார்சல் பெங்களூருக்குப் போனால் அது மாநிலம் கடந்த விற்பனை ஆகிறது. பொருள் விற்பனையைப் பொறுத்தவரை அங்கே 40 லட்சம் வரம்பு பொருந்தாது, பதிவு முதலிலேயே தேவை. விழுப்புரத்துக்காரருக்குப் பக்கத்து ஊராகத் தோன்றும் புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளி மாநிலம்தான். கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனைகளோடு கூடிய தனிச் சலுகை உண்டு; தம் பொருள் அதில் அடங்குமா என்று ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் விற்கப் பதிவு எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்று, வரம்புக்குள்ளும் இருப்பவர், பதிவுக்குப் பதிலாக ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று விற்கலாம்.

தளங்களில் விற்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வங்கியில் வந்து விழுந்த தொகையையே விற்பனை என்று எழுதுவதாகும். ஒரு சேலையின் விலை 1,000, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 50, ஆக வாடிக்கையாளர் செலுத்தியது 1,050 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷனும் அனுப்பும் செலவும் 150, அவற்றின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 27. ஜிஎஸ்டி சட்டப்படி, விற்பனையாளருக்குத் தரும் பணத்திலிருந்து தளம் பிடித்து அரசுக்குச் செலுத்தும் டிசிஎஸ் அரை சதவீதம், அதாவது 5 ரூபாய். அதேபோல் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் 0.1 சதவீதம், அதாவது 1 ரூபாய். இவையெல்லாம் போக வங்கிக்கு வருவது 867 ரூபாய். ஆனால் தளம் அரசுக்கு அனுப்பும் விவரத்தில் இருப்பது 1,000. ரிட்டர்னில் (வரித் துறைக்குத் தாக்கல் செய்யும் கணக்கில்) 867 என்று எழுதினால் இரண்டும் பொருந்தாது; கேள்வி அங்கேதான் பிறக்கிறது. 1,000 ரூபாயை விற்பனையாகவும், 150 ரூபாயைச் செலவாகவும் காட்ட வேண்டும். சாதாரண முறையில் (காம்போசிஷன் என்ற எளிய திட்டத்தில் அல்லாமல்) பதிவு பெற்றவர் அந்த 27 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். 5 ரூபாயையும் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டு தம் மின்னணு ரொக்கப் பேரேட்டில் (ஜிஎஸ்டி கட்டப் பயன்படும் இருப்புக் கணக்கில்) சேர்க்கலாம். இந்த ஏற்பைச் செய்யாமல், தம் பணத்தைப் பல மாதங்கள் அப்படியே விட்டுவிடும் விற்பனையாளர்கள் பலர் இருப்பது வருந்தத்தக்கது. திரும்பி வந்த சரக்கின் விலையை விற்பனையிலிருந்து கழிக்கவும் மறக்கக் கூடாது.

பிறர் பொருளுக்கு இணைப்பு கொடுத்துக் கமிஷன் பெறுபவர்கள் 44ஏடி திட்டத்தைப் பயன்படுத்துவதும் தவறு. கமிஷன், தரகு வருமானத்துக்கு அந்தத் திட்டம் பொருந்தாது; அவர்கள் வரவு செலவுக் கணக்கு எழுதியே லாபம் காட்ட வேண்டும்.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் புழங்குவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் என்பது என் உறுதியான கருத்து. மகன் அனுப்பிய பணம், நண்பர் திருப்பிய கடன், சீட்டுப் பணம் ஆகியவை வியாபார வரவோடு கலந்துவிட்டால், மூன்று ஆண்டுகள் கழித்து எது எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. கடைக்கென்று நடப்புக் கணக்கு ஒன்றும், அதோடு இணைந்த கியூஆரும் வைத்துக்கொள்வதே முறை. வரம்பைத் தாண்டாமல் காட்டுவதற்காக மனைவி பெயரில் இன்னொரு கியூஆர் வைப்பது தீர்வாகாது. வியாபாரம் யாருடையதோ, விற்றுமுதலும் அவருடையதே. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமானமாகும். திருமணத்தில் மணமக்கள் பெறும் பரிசுக்கு விலக்கு உண்டு. காதணி விழாவுக்கு அந்த விலக்கு இல்லை என்பதால், கொடுத்தவர் உறவினரா இல்லையா என்று காட்ட, கியூஆரில் வரும் மொய்க்கும் நோட்டில் பெயர் எழுதுவது அவசியம். வீட்டில் பயன்படுத்திய கைப்பேசியையோ கட்டிலையோ ஓஎல்எக்ஸில் விற்பவர் வரிக்கு அஞ்ச வேண்டாம், ஆனால் நகைக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கடைசியாக, '12 லட்சம் வரை வரி இல்லை, ஆகவே ரிட்டர்ன் வேண்டாம்' என்ற நினைப்பு. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி கிடைப்பது உண்மை. ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும், வியாபார விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டியவருக்குத் தாக்கல் கட்டாயம். தாக்கலுக்கு முன் வருமான வரித் தளத்தில், நம் வரவுகள் பற்றித் துறைக்கு வந்த விவரங்களைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, அதில் தவறான பதிவு இருந்தால் அங்கேயே மறுப்பைப் பதிய வேண்டும். தளங்கள் பிடித்த டிடிஎஸ் தொகையைத் திரும்பப் பெறுவதற்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.